பாம்பு விஷமும் மந்திரமும்

(நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நரம்புகள் ஒன்றோடொன்று எவ்விதம் பேசிக் கொள்ளுகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன், இது பட்டணத்துக் காலேஜில் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டும் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டும் வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பட்டணத்தானைவிட உங்களுக்குத்தான் இதில் வேலை அதிகம் என்று நான் சொல்லுகிறேன். ஏனென்றால் உங்கள் வரப்பிலும், வெற்றிலைக் கொடிக்காலிலும், எலி திரிகிற தீவனக் கொட்டகையிலும், சில சமயம் நீங்கள் படுத்துறங்கும் பாயிலும் வந்து சேருகிற நல்லபாம்பும் கட்டுவிரியனும் அந்த நரம்புப் பேச்சைத்தான் நிறுத்துகின்றன. அவை நம்மைக் கொல்லுவது பெரும்பாலும் இவ்விதமாகத்தான்.

முதலில் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நடந்து நாற்பது வருஷத்திற்கு மேலாகிறது. என் அண்ணன், நிலக்கடலை பிடுங்கிக் காயப் போட்டிருந்த களத்தில் காவலுக்குப் படுத்திருந்தான். விடியற்காலம் நாலு மணி சுமாருக்கு வயிற்றை வலிக்கிறது என்று எழுந்து வந்தான். காலிலோ கையிலோ கடித்த அடையாளம் எதுவும் இல்லை. அஜீரணம் என்று சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இமைகள் தாமாகவே இறங்கின. கையால் தூக்கிவிட்டாலும் நிற்கவில்லை. பிறகு பேச்சுக் குழறிற்று. எச்சிலை விழுங்க முடியவில்லை. காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். பக்கத்து ஊரிலிருந்து மந்திரிக்கிறவரை அழைத்து வந்தார்கள். அவருக்கு வேப்பிலை ஒடித்துக் கொடுத்தவன் நான்தான். அவர் அடித்தார், ஊதினார், விபூதி போட்டார். மத்தியானத்திற்குள் அண்ணன் அசைவற்றுப் போனான். கூப்பிட்டோம், பதில் இல்லை. சிறிது நேரத்தில் மூச்சும் நின்றது.

பின்னாளில் புத்தகங்களைப் படித்தபோதுதான் அது கட்டுவிரியன் கடி என்று எனக்கு விளங்கிற்று. கட்டுவிரியன் இரவில் வருவது, தூங்குகிறவனைக் கடிப்பது, அதன் பல் சிறியதாகையால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தெரியாது, விடிகிற வேளையில் வயிற்று வலி, பிறகு இமை விழுதல். எல்லாம் அப்படியே எழுதியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்ததுதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. அந்த விஷம் மூளையைத் தொடுவதில்லையாம். கடிபட்டவன் கண் திறக்க முடியாமலும், விரலை அசைக்க முடியாமலும் கிடந்தாலும், மூச்சுக் குறைந்து மயங்குகிற வரையில் அவனுக்குக் காது கேட்கும். புத்தி தெளிவாகவே இருக்கும். தோழர்களே, அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு நாங்கள் யார் யாருக்குச் சொல்லியனுப்புவது என்று பேசிக் கொண்டிருந்தோம்.

நிற்க. அந்த விஷம் என்னதான் செய்கிறது?

நம் உடம்பில் மூளையிலிருந்து நரம்புகள் ஓடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அவை ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கின்றனவா, தனித்தனித் துண்டுகளா என்று நூறு வருஷத்துக்கு முன் பெரிய சண்டை. இத்தாலி தேசத்துக் கோல்கி வலைதான் என்றார். ஸ்பெயின் தேசத்துக் கஹால், கோல்கி கண்டுபிடித்த சாயத்தையே எடுத்து நரம்பில் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்து, தனித்தனி அணுக்கள்தான் என்றார். 1906-ல் நோபல் பரிசை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மேடையிலும் கோல்கி கஹாலை ஒப்புக் கொள்ளவில்லை. ஆனால் கஹால் சொன்னதே சரியென்று ஏற்பட்டுவிட்டது.

நரம்பும் நரம்பும், நரம்பும் தசையும் ஒட்டிக் கொண்டிருக்கவில்லை. நடுவே இடைவெளி இருக்கிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அது ஒரு மில்லிமீட்டரைச் சுமார் 20,000 பங்காக்கினால் ஒரு பங்கு அளவு. ஆனால் எவ்வளவு சிறியதானாலும் இடைவெளி இடைவெளிதானே? அப்படியானால் மூளையின் உத்தரவு அதை எப்படித் தாண்டுகிறது? மின்சாரப் பொறியாகத் தாவுகிறதா, அல்லது ஏதாவது ஒரு ரசாயனப் பொருள் கசிந்து அக்கரைக்குப் போகிறதா?

இதைப் பரீட்சித்தவர் ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துப் பேராசிரியர் ஆட்டோ லோவி. 1921-ல் அவர் செய்த காரியம் மிகவும் எளியது. இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, துடித்துக் கொண்டிருக்கும்படி உப்பு நீரில் வைத்தார். ஒன்றில் நரம்பு இருந்தது. மற்றொன்றில் நரம்பைக் களைந்துவிட்டார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்புக் குறைந்தது. அந்த நீரை எடுத்து நரம்பில்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது! நரம்பே இல்லாத இதயத்துக்கு உத்தரவு எப்படி வந்தது? நீரில் கரைந்திருந்த ரசாயனப் பொருளாகத்தான் வந்தது. அந்தப் பொருள் அசெட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. இங்கிலாந்து தேசத்து ஹென்றி டேலும் அவர் கூட்டாளிகளும் நமது தசை நரம்புகளிலும் அதுவே கசிகிறது என்று காட்டினார்கள். லோவிக்கும் டேலுக்கும் 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பரீட்சை தமக்குக் கனவில் தோன்றியதாக லோவியே சொல்லியிருக்கிறார். முதல் நாள் இரவு எழுந்து கிறுக்கி வைத்தாராம். காலையில் தம் எழுத்தே தமக்குப் புரியவில்லையாம். மறுநாள் இரவும் அதே கனவு வரவே, உடனே எழுந்து பரீட்சைச் சாலைக்கு ஓடினாராம். நம் நாட்டில் ஒருவனுக்கு இப்படிக் கனவு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கனவு கண்ட இடத்தில் ஒரு கல்லை நட்டு, அடுத்த வருஷம் உண்டியல் வைத்திருப்போம். அவரோ தவளையை அறுத்துப் பார்த்தார். கனவு காண்பதில் குற்றமில்லை, தோழர்களே. அதைப் பரீட்சித்துப் பார்க்கத் துணிவு உண்டா என்பதுதான் கேள்வி. அவ்வளவு பெரிய மனிதரை, யூதர் என்பதற்காக, 1938-ல் நாஜிகள் சிறையிலிட்டுப் பரிசுப் பணத்தையும் பிடுங்கிக் கொண்டு நாட்டைவிட்டு விரட்டினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜான் எக்கிள்ஸ் என்று ஒருவர் இருந்தார். மூளையிலும் முதுகுத் தண்டிலும் ரசாயனமெல்லாம் இல்லை, மின்சாரம்தான் என்று வருஷக்கணக்காக வாதாடினவர். 1951-ல் அவரே செய்த பரீட்சை அவருக்கு விரோதமாக முடிந்தது. அவர் அந்த முடிவை மறைக்கவில்லை. நான் சொன்னது தப்பு என்று ஒப்புக் கொண்டு கட்சி மாறினார். நம் சாஸ்திரக்காரர்களில் இப்படி ஒருவரை நான் தேடிக் கொண்டிருக்கிறேன். யாராவது கண்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

இனி நம் காவேரிக்கு வருவோம். பரிசல் துறை உங்களுக்குத் தெரியும். இக்கரை நரம்பின் முனை; அக்கரை தசை; நடுவில் ஆறு. இக்கரையில் சின்னஞ்சிறு பைகளில் அசெட்டைல்கோலின் ஆயிரக்கணக்காக அடைத்துக் கிடக்கிறது. மூளையின் உத்தரவு வந்ததும் பைகள் உடைந்து, பரிசல்கள் அக்கரைக்கு விரைகின்றன. அக்கரையில் அவை ஒட்டுவதற்கென்றே துறைகள் இருக்கின்றன. பரிசல் துறையில் ஒட்டினால் தசை சுருங்குகிறது. உடனே, கண்மூடித் திறப்பதற்குள், அங்கே காத்திருக்கும் ஒரு நொதி பரிசலை உடைத்துவிடுகிறது. உடைக்காவிட்டால் தசை சுருங்கியபடியே இருக்கும். அடுத்த உத்தரவுக்கு இடமிராது. இமையைத் தூக்குவதும், சோற்றை விழுங்குவதும், மார்பை விரித்து மூச்சு வாங்குவதும் இந்தப் பரிசல் போக்குவரத்தினால்தான். இதில் ஆத்மா எந்தத் துறையில் ஏறி எந்தத் துறையில் இறங்குகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நல்லபாம்பின் விஷம் அக்கரைக்குப் போய், துறைகளில் தான் ஏறி உட்கார்ந்து கொள்ளுகிறது. பரிசல்கள் வருகின்றன; ஒட்ட இடமில்லை. கட்டுவிரியனோ அதைவிடப் பொல்லாதது. அதன் விஷத்தில் அக்கரைத் துறையை அடைக்கிற பொருளும் உண்டு. இக்கரையில் புகுந்து பைகளைக் காலி செய்து நரம்பின் முனையையே அழிக்கிற பொருளும் உண்டு. இவ்விரண்டையும் முதலில் பிரித்தெடுத்தவர்கள் தைவான் தீவின் சாங், லீ என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள்; 1963-ல், கட்டுவிரியனின் அந்த ஊர்ச் சகோதரனிடமிருந்து எடுத்துப் பங்காரோடாக்சின் என்று பெயரிட்டார்கள். அக்கரைத் துறையை விடாமல் பற்றிக் கொள்ளும் அந்த விஷத்தையே தூண்டிலாகப் போட்டுத்தான், அதுவரை யாரும் கையில் எடுத்துப் பார்த்திராத அத்துறையைப் பிற நாட்டு விஞ்ஞானிகள் 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் தனியே பிரித்தெடுத்தார்கள். பாம்புக்குப் பால் வார்த்தவன் கற்றது என்ன? பாம்பை ஆராய்ந்தவன் கற்றது என்ன?

நம் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்துகளில் பல இதே ஆற்றில்தான் வேலை செய்கின்றன. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து பரிசலை உடைக்கும் நொதியைக் கட்டிப் போட்டுவிடுகிறது. பரிசல்கள் துறையில் குவிந்து நெருக்குகின்றன. வாயில் நுரை தள்ளும். கண்மணி ஊசி முனையாகச் சுருங்கும். மூச்சுக் குழலில் சளி பெருகும். கடைசியில் தசையும் ஓய்ந்து போகும். 1958-ல் கேரளத்தில், பாரத்தியான் என்னும் இவ்வகை மருந்து கப்பலில் உணவுப் பொருளோடு கலந்து, தின்றவர்களில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு பத்து வருஷம் கழித்து, 1968-ல்தான் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. மருந்து அடிக்கிறவர்கள் காற்றுக்கு எதிரே நின்று அடிப்பதையும், அந்தக் கையோடு பீடி பற்ற வைப்பதையும் நான் இந்த ஊரிலேயே பார்க்கிறேன்.

இடம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடுகிறது. குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு ஊசி, உடம்பில் திரிகிற விஷத்தைப் பிடித்துக் கட்டுகிறது. நல்லபாம்புக் கடிக்கு அதோடு நியோஸ்டிக்மின் என்னும் மருந்தையும் போடுகிறார்கள். அது பரிசலை உடைக்கும் நொதியைச் சிறிது நேரம் தடுத்து வைக்கிறது. பரிசல்கள் பெருகி, விஷத்தோடு போட்டியிட்டுத் துறையைப் பிடிக்கின்றன. விழுந்த இமை எழுகிறது. கட்டுவிரியன் கடிக்கு அது பெரும்பாலும் உதவாது. இக்கரையே அழிந்த பிறகு அக்கரையில் கூட்டம் சேர்த்து என்ன பயன்? நரம்பு முனை மறுபடி வளர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஊசி அழிந்ததைக் கட்டித் தராது. அழியாமல் காப்பதற்கே உதவும். ஆகையால்தான் முதல் மணி நேரங்களைப் பற்றி இவ்வளவு சொல்லுகிறேன். நேரம் தப்பிவிட்டாலும், மூச்சுக் கருவி வைத்து உயிரைத் தாங்கிக் கொண்டிருந்தால் நரம்பு தானே முளைத்துக் கொள்ளும். மூளையே செத்துவிட்டது என்று தோன்றும்படி கிடந்தவர்கள் எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார்கள்.

அந்த நியோஸ்டிக்மினுக்கு ஒரு தாய் உண்டு. அவள் கதையை நீங்கள் கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில், கலபார் என்னும் ஊர்ப் பக்கத்தில் ஒரு அவரை வகை விளைகிறது. சூனியக்காரி என்று ஒருத்தியைப் பிடித்தால் அவளுக்கு அந்த விதையைத் தின்னக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி; செத்தால் சூனியக்காரி. நம்மூரில் கொதிக்கும் எண்ணெயில் கை விடச் சொன்ன மாதிரிதான். 1855-ல் எடின்பரோவின் வைத்தியப் பேராசிரியர் கிறிஸ்டிசன் அதைத் தாமே தின்று, உடம்புக்கு என்ன ஆகிறது என்று குறித்து வைத்தார். பின்பு அதிலிருந்து பைசோஸ்டிக்மின் என்னும் மருந்தைப் பிரித்தார்கள். 1934-ல் மேரி வாக்கர் என்னும் பெண் டாக்டர், தசைகள் தளர்ந்து இமை விழும் ஒரு நோய்க்கு அதை ஊசியாகப் போட்டு இமையை எழுப்பிக் காட்டினார். அந்த மருந்தைப் பார்த்து மனிதன் செய்துகொண்டதே நியோஸ்டிக்மின். பூசாரி கையில் இருந்தவரை அந்த விதை ஆளைக் கொன்றது; பரீட்சித்துப் பார்த்தவன் கைக்கு வந்ததும் ஆளைப் பிழைக்க வைத்தது. விதை ஒன்றுதான்.

சரி, மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நிரம்ப இருக்கிறார்கள். இந்தியாவில் சுமார் 300 வகைப் பாம்புகள் உண்டு. அவற்றில் விஷமுள்ளவை 60 சுமார்தான். ஊரில் கடிப்பதில் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் ஏராளம். கட்டுவிரியன் என்று பயந்து அடித்துப் போடுகிறவற்றில் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனும் உண்டு. விஷப்பாம்பே கடித்தாலும் சில வேளைகளில் விஷத்தை இறக்காமல் விடுவதுண்டு. இவர்களெல்லாம் மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். சும்மா படுத்திருந்தாலும் பிழைப்பார்கள். பிழைத்தவன் மந்திரத்துக்கு விளம்பரம். செத்தவன் விதிக்குக் கணக்கு. இப்படி இரண்டு பேரேடு வைத்து வியாபாரம் செய்தால் யாருக்குத்தான் நஷ்டம் வரும்? விஷம் ஒரு ரசாயனப் பொருள். அசெட்டைல்கோலினும் ஒரு ரசாயனப் பொருள். இரண்டுக்கும் காது கிடையாது. வடமொழியில் சொன்னாலும், தமிழில் சொன்னாலும், ரகசியமாகச் சொன்னாலும், உரக்கச் சொன்னாலும், துறையில் உட்கார்ந்த விஷம் எழுந்து போகாது.

விஷமுறிவு ஊசிக்கு விஷம் வேண்டுமே, அதை எடுத்துத் தருகிறவர்கள் யார் தெரியுமா? செங்கற்பட்டுச் சீமையில், வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துக் கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜாதியார் அவர்கள். 2023-ல் அவர்களில் இருவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தபோதுதான் பலருக்கு அப்படியொரு சங்கம் இருப்பதே தெரிந்தது. நாக தோஷத்துக்குப் பரிகாரம் செய்கிற பெரிய ஜாதிக்காரனையும் பாம்பு கடித்தால், அவன் இரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் இந்த இருளன் எடுத்த விஷத்தினால் ஆன மருந்துதான். அப்போது தீட்டு எங்கே போய்விடுகிறது?

2000 முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வருஷத்துக்கு 58,000. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தவர்கள் மிகப் பலர். 2024-ல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. கணக்காவது இனிச் சரியாக வரட்டும்.

கடித்தால் கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்துக் கொண்டு, நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வர வேண்டியதில்லை. நான்குக்கும் ஊசி ஒன்றே. களத்தில் படுக்கிறவர்கள் கட்டில் போட்டுக் கொசுவலை கட்டிப் படுங்கள். தரையில் படுத்தவன் விடியலில் வயிற்று வலி என்று எழுந்து இமையைத் தூக்க முடியாமல் நின்றால், அடையாளத்தைத் தேடிக் கொண்டிராமல் வண்டியைக் கூப்பிடுங்கள். என் வீட்டில் தேடிக் கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊர் மந்திரிக்கிறவர் காசு வாங்குவதில்லை, நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. என் அண்ணனுக்கு மந்திரித்தவரும் காசு வாங்கவில்லை. சாவு வீட்டில் எங்களோடு உட்கார்ந்து அழுதார். உங்கள் ஊர்ப் பெரியவரிடம் போய் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். உங்களிடம் யாராவது ஓடி வந்தால், அய்யா, 108-க்குச் சொல்லிவிட்டு அந்த வண்டியிலேயே நீங்களும் ஏறிக் கொள்ளுங்கள். நாமக்கல்லிலும் சேலத்திலும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. போகிற வழியெல்லாம் உட்கார்ந்து மந்திரித்துக் கொண்டே வாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். வாசலில் இறங்கியதும் எத்தனை மணிக்குக் கடித்தது, இமை எப்போது விழுந்தது என்பதை மட்டும் டாக்டரிடம் சரியாகச் சொல்லிவிடுங்கள்.